நேர்மை நாற்காலி

கல்யாணச் சாரி எடுக்க வந்த கூட்டம் எதையும் எடுக்காமல் எழுந்து போய்விட்டது. கண்ணாடி மேசையில் குவிந்து கிடந்த சாரிகளைத் தனுஷிகா ஒவ்வொன்றாக உதறி, கரையோடு கரை சேர்த்து, முழங்கையால் அழுத்தி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கிருஷாந்தி மடிக்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, காலோடு காலைப் பின்னிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

வெளியே ஹட்டன் மெயின் வீதியைப் பனி அடைத்திருந்தது. குளிர் ஏறினால் அடிவயிறு முட்டும். கடைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் காலையில் கொண்டுவரும் தண்ணீர்ப் போத்தலைச் சாயந்திரம் மூடி திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

"கேட்டுட்டுப் போயிட்டு வாயேண்டி" என்றாள் தனுஷிகா.

"கேட்டேன்க்கா. இப்பதானே வந்த, லயத்துலயே முடிச்சிட்டு வரலயான்னு மொதலாளி கேக்குறாரு. சட்ட எடுக்க வந்தவங்கல்லாம் திரும்பிப் பாக்குறாங்க."

கடையின் பின்பக்கம் வேலையாட்களுக்கென்று ஒரு பாத்ரூம் இருந்தது. ஒரு தீபாவளிக்குச் சரக்கு வைக்க இடம் போதாமல், பீங்கான் மேல் பலகை அடித்து, பள்ளிக்கூட வெள்ளைத் துணிக் கட்டுகளை அடுக்கினார்கள். தீபாவளி போனது, கட்டுகள் போகவில்லை. மேல் மாடியில் முதலாளி அழகுமுத்துவின் அறையை ஒட்டி மாபிள் பதித்த பாத்ரூம் ஒன்று உண்டு. அந்தப் படியில் கடைப் பிள்ளைகள் கால் வைக்கக்கூடாது. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை மட்டும், மழையோ வெயிலோ, பஸ் ஸ்டாண்ட் பாத்ரூம் வரைக்கும் இறங்கிப் போய்க் காசு கொடுத்துவிட்டு வரவேண்டும். இரண்டாம் தடவை போனால் அரைப் பேர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்தவளுக்குப் பாதி நாள் சம்பளத்தை வெட்டுகிற அதே அரைப் பேர்தான். அழகுமுத்து தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில் பிறந்தவர். தோட்டத்தை விட்டு வரும்போது அரைப் பேரையும், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஏசுகிற பெரட்டையும் கையோடு டவுனுக்குக் கொண்டுவந்திருந்தார்.

கிருஷாந்திக்கு இந்தச் சீக்கு வருவது இரண்டாவது முறை. ஒண்ணுக்குப் போனால் எரிகிறது, சிவப்பாகப் போகிறது, முதுகு வலிக்கிறது, ராத்திரியில் காய்ச்சல் அடிக்கிறது. மருந்து எழுதிய ஆஸ்பத்திரி டொக்டர், தண்ணீர் நிறையக் குடி, அடக்காதே, இன்னொரு தரம் வந்தால் சிறுநீரகத்துக்கே ஏறிவிடும் என்று ஏசி அனுப்பியிருந்தார். மருந்தை விழுங்குவதற்குக்கூட அவள் ஒரு மிடறுக்கு மேல் குடிப்பதில்லை.

அந்த வாரம்தான் முதலாளியின் மகன் விஜிதரன் பிள்ளைகளைக் கூப்பிட்டு இளம் தலைவர்கள் நாளைப் பற்றிச் சொன்னான். மலேசியாவில் பிஸ்னஸ் படித்துவிட்டு வந்தவன். டவுன் வியாபாரிகள் சங்கம் பௌர்ணமிப் போயா லீவன்று ஒரு ஹோட்டல் மண்டபத்தில் அதை நடத்துகிறது, கொழும்பிலிருந்து பயிற்சியாளர் வருகிறார், ஒவ்வொரு கடையும் ஒரு மேசை எடுக்கவேண்டும், மேசை நிறைய இளம் தொழில் வல்லுநர்கள் உட்காரவேண்டும் என்றான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் அந்த வல்லுநர்கள் என்று தனுஷிகா கேட்டாள்.

"நீங்கதான்" என்றான் அவன்.

மாதத்தில் கிடைக்கிற லீவில் ஒன்று அப்படிப் போனது. விற்காமல் கிடந்த லேடீஸ் கோட்டுகளை எடுத்து, யாருக்கு அளவு சரியாக இருந்ததோ அவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தான். விலைத் துண்டைக் கழற்றக்கூடாது, கோட்டுக் கைக்குள்ளே மடித்து விடவேண்டும், வியர்வை படக்கூடாது, மறுநாள் திரும்பவும் ராக்கையில் தொங்கவேண்டும். ஆளுக்குப் பத்து பிஸ்னஸ் கார்டாவது கொண்டுவரச் சொன்னான். கார்ட் என்றால் என்னவென்று தெரிந்தாலும் அதை எங்கே அடிப்பது, யார் காசு கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கிருஷாந்திதான் சேர்ட்டுக்குள் வருகிற காட்போட்டை எடுத்து, சாரித் துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் சின்னச் சின்னதாக நறுக்கினாள். மினுமினுப்புப் பேனையால் பேரும் போன் நம்பரும் எழுதினார்கள்.

முதல் நாள் சாயந்திரம் விஜிதரன் தனுஷிகாவைத் தனியாகக் கூப்பிட்டான். அவள் வந்து நாலு வருசம் ஆகிறது, வாய் தடுமாறாமல் பேசுவாள், கஸ்டமரை விடமாட்டாள். மண்டபத்தில் நேர்மை நாற்காலி என்று ஒரு பயிற்சி இருக்கிறது, முதலாளிமார் உட்காருவார்கள், வேலையாட்களில் ஒருவர் எழுந்து ஒரு குறையைச் சொல்லவேண்டும் என்றான்.

"கடையில பாட்டு கொஞ்சம் நல்லதா போடலாம் சார்ன்னு சொல்லு. ரொம்பப் பெருசாவும் இருக்கக்கூடாது, ஒண்ணுமில்லாத மாதிரியும் இருக்கக்கூடாது. விளங்குதா?"

விளங்குகிறது என்றாள்.

மண்டபத்தில் நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி போட்டுப் பின்னால் நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். வாசலிலேயே ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அட்டையில் 'நாளைய தலைவர்' என்று அச்சடித்திருந்தது. பயிற்சியாளர் லோஜன் காதில் மைக்கை ஒட்டிக்கொண்டு மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தார். இங்கே சார் இல்லை, மேடம் இல்லை என்றார். கம்ஃபர்ட் சோனை விட்டு வெளியே வாருங்கள் என்றார். கஷ்டமான பேச்சைப் பேசத் துணிகிறவன்தான் லீடர் என்றார். சொன்னதையெல்லாம் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தட்டிக்கொண்டு திரும்பச் சொல்லவைத்தார்.

கம்ஃபர்ட் சோன் என்றால் என்னக்கா என்று கிருஷாந்தி கிசுகிசுத்தாள். கோட்டுக்குள்ள நீ இருக்கிறியே, அதுக்கு எதிரானது என்றாள் தனுஷிகா. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தேத்தண்ணி நேரத்தில் எல்லோரும் எழுந்து எல்லோரோடும் பழகவேண்டும், பழக்கம்தான் பெரிய முதல் என்று லோஜன் சொல்லி அனுப்பினார். முதலாளிமார் மண்டபத்தின் நடுவில் வட்டமாக நின்று பழகினார்கள். கடைப் பிள்ளைகள் எல்லாக் கடைகளிலிருந்தும் வந்து சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. கால் தானாக அங்கே போனது.

ஒருத்தி மட்டும் வட்டத்தை விட்டுவிட்டு வரிசைக்கு வந்தாள். ஸஹ்லா. ஹுசைன் ஹாஜியாரின் செருப்பு, சப்பாத்துக் கடையை வாப்பாவுக்குப் பதிலாக அவள்தான் இப்போது பார்க்கிறாள். காட்போட் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல வேலை, நாங்கள் அச்சடிக்கக் கொட்டுகிற காசுக்கு இது எவ்வளவோ மேல் என்றாள். தன்னுடைய கார்டைத் தனுஷிகாவின் கையில் வைத்து, என்ன உதவி என்றாலும் வாங்க தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிருஷாந்தி அதற்குள் மண்டபத்துப் பாத்ரூமுக்கு மூன்று தடவை போய்விட்டு வந்துவிட்டாள். கையில் சவர்க்கார வாசம்.

"அக்கா, சுடுதண்ணி வருதுக்கா. யாருகிட்டயும் கேக்கத் தேவையில்ல. சும்மா கதவத் தள்ளுனா போதும்."

அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. தனுஷிகா மற்றப் பிள்ளைகளைத் தேடினாள். மேசையில் ஒருத்தியும் இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு எல்லோரும் பாத்ரூம் வாசலில் நின்றார்கள். ஒரு தடவை போனவர்கள் இன்னொரு தடவை போக நின்றார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை நடுவில் போட்டார்கள். இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டாது, இதற்காக யாரும் யாரையும் பழிவாங்கமாட்டார்கள், இது சத்தியம் என்று லோஜன் எல்லோரையும் கையை நெஞ்சில் வைக்கச் சொன்னார். விஜிதரன் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தான். தனுஷிகா மைக்கை வாங்கினாள். மைக் கறகறத்தது, வாய்க்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"பாட்டு நல்லதா போடலாம்ன்னு சொல்லச் சொன்னீங்க சார். பாட்டு இருக்கட்டும். நாங்க பதினொரு பொம்பளப் பிள்ளைங்க. எங்களுக்கு பாத்ரூம் இல்ல. இருந்தத அடைச்சு துணி அடுக்கி வச்சிருக்கீங்க. நாங்க தண்ணி குடிக்கிறதில்ல. இந்தா இருக்கிற பிள்ளைக்கு மூத்திரத்துல ரத்தம் போகுது. எங்களுக்கு அத தொறந்து குடுங்க."

பின்மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவரோரத்தில் வேறு கடைப் பிள்ளைகள் நாலைந்து பேர் கைதட்ட ஆரம்பித்து, அவர்களுடைய முதலாளி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஸஹ்லா எழுந்து நின்று தட்டினாள். அதன் பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

விஜிதரனின் காது மடல் சிவந்திருந்தது. அவன் எழுந்தான். கையை நெஞ்சில் வைத்தான். மைக்கை வாங்கி, தன் கண்ணைத் திறந்ததற்கு நன்றி என்றான். நாளைக்கே மேல் மாடிப் பாத்ரூமைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுகிறேன், தனுஷிகாதான் இனி எங்கள் கடையின் டீம் லீடர் என்றான். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் கொழும்பிலிருந்து வந்தேன் என்று லோஜன் கண்ணைத் துடைத்தார். சாயந்திரம் ஆண்டின் சிறந்த இளம் தலைவர் விருதை விஜிதரனுக்குக் கொடுத்தார்கள். போட்டோவில் அவனுக்கு இடப்பக்கம் தனுஷிகாவும் வலப்பக்கம் கிருஷாந்தியும் நின்றார்கள்.

நோர்வூட் பக்கம் போகும் பஸ்ஸில் கிருஷாந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, போத்தல் தண்ணீரைப் பாதிவரைக்கும் குடித்தாள்.

மறுநாள் மேல் மாடி திறந்தது உண்மைதான். பெரட்டில் விஜிதரன் தனுஷிகாவை முன்னால் கூப்பிட்டான். மண்டபத்தில் கொடுத்த 'நாளைய தலைவர்' அட்டையில் ஒன்றை அவள் கழுத்தில் மாட்டினான். பாத்ரூம் போகவேண்டியவள் தனுஷிகாவிடம் காரணம் சொல்லி அட்டையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகவேண்டும். பதினொரு பேருக்கும் ஒரே அட்டை. அட்டை இல்லாமல் படியில் ஏறினால் கமெரா காட்டிக்கொடுக்கும். கமெராப் படம் அவனுடைய போனில் ஓடியது.

ஆம்பிளைகள் பக்கத்தில் சேர்ட் விற்கிற திலக்ஷன் அன்றைக்கே வீசா கிடைத்துவிட்டதா என்று கேட்க ஆரம்பித்தான். கஸ்டமர்களும் பார்த்தார்கள், அட்டை கழுத்தில் தொங்கினால் அவள் எங்கே போகிறாள் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்தது. வயதுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவிடம்கூடச் சொல்லாததைப் பிள்ளைகள் தனுஷிகாவின் காதில் சொல்லவேண்டியிருந்தது. ஒரு வாரம் போவதற்குள் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். மூத்தவள் ஒருத்தி, "கங்காணியம்மா வாறாங்க, நகருங்க" என்று மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கிருஷாந்தி தண்ணீர் குடித்தாள். டொக்டர் சொன்ன மாதிரியே குடித்தாள். அதனால் அடிக்கடி போனாள். தனுஷிகா காரணம் கேட்காமலே அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஒருநாள் பகலுக்கு முன்னால் விஜிதரன் தனுஷிகாவை மேலே கூப்பிட்டான். நாலு வருசத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னான். பால் தேத்தண்ணி வந்தது. அழகுமுத்து பக்கத்து மேசையில் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார்.

நோர்வூட்டில் கிளை திறக்கப் போகிறோம் என்று விஜிதரன் ஆரம்பித்தான். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உன் வீட்டிலிருந்து நடந்து வரலாம். விடியக்காலை பஸ்ஸும் இல்லை, நின்றுகொண்டே வருகிற வேலையும் இல்லை. தனுஷிகா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கையில் அட்டைப்பூச்சி கடித்துக் கால் வீங்கி மலை ஏற முடியவில்லை. தம்பி ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான். நடந்து போகிற தூரத்தில் ஒரு மேனேஜர் வேலை.

"அதுக்கு முந்தி ஒரு சின்ன விசயம்" என்றான். "கிருஷாந்திய வேலையிலருந்து நிப்பாட்டணும். நாள் முழுக்க படியிலதான் இருக்கா. நான் சொன்னா நல்லாருக்காது, அவ போட்டோவுல இருக்கா. நீ டீம் லீடர், நீ சொல்லு. லோஜன் சொன்னது ஞாபகம் இருக்குல்ல, கஷ்டமான பேச்சப் பேசுறவன்தான் லீடர்."

"அவ சீக்காளி சார். கடையில நின்னுதான் அந்தச் சீக்கு வந்துச்சு."

"அதான் சொல்றேன். சீக்காளிய வச்சு ஷோப் நடத்த முடியாது. அவளுக்கும் ரெஸ்ட் நல்லதுதானே."

தனுஷிகா கோப்பையை மேசையில் வைத்தாள். ஒரு மிடறும் குடித்திருக்கவில்லை.

"அடக்கி வச்சப்ப நல்ல பிள்ளையா இருந்தா. இப்ப போறா, அதனால சீக்காளி" என்றாள். "ஒங்களுக்கு கங்காணி வேணும்னா கங்காணின்னு கேளுங்க சார். லீடர்ன்னு ஏன் சொல்றீங்க? நான் போய் அவகிட்ட சொல்லமாட்டேன். நீங்க எறங்கி வந்து எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. மண்டபத்துல பேசுனீங்களே, அப்புடி நெஞ்சில கைய வச்சுக்கிட்டு சொல்லுங்க."

அழகுமுத்து பத்திரிகையை மடித்தார். அவர் மகனைத்தான் பார்த்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"படிக்கப்போட்ட காசு தண்டம். தோட்டத்துக் கழுதைக்கு மைக்க குடுத்தா இதான் நடக்கும். ரெண்டு பேரையும் அனுப்பு."

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பினார்கள். வாசலில் பையைப் பிரித்துப் பார்த்தார்கள். மற்ற ஒன்பது பேரும் சாரி மடித்துக்கொண்டே இருந்தார்கள். கங்காணியம்மா என்று சொன்ன மூத்தவளின் கை மட்டும் மடிப்பில் நின்றது, முகத்தைத் தூக்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் கோட்டு இல்லாமல் டவுனில் ஏறி இறங்கினார்கள். ஆள் தேவை என்று பலகை தொங்கிய கடையில், பலகைக்குக் கீழே நின்றுகொண்டே, ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். பான்சிக் கடையில் காசு மேசைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நீங்கள்தானே அந்தப் பாத்ரூம் பிள்ளைகள் என்று கேட்டார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொரு கடையில் பேரைக் கேட்டதும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்கள். போனில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அடுத்த கடைக்கு நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஒரு குடைக்குள் இரண்டு பேர்.

கடைசியாக ஸஹ்லாவின் சப்பாத்துக் கடைக்குப் போனார்கள். அவள் எழுந்து வந்து தனுஷிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு எதையும் கேட்க விடாமல் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். வியாபாரிகள் சங்கத்து குரூப். அந்த விருதுப் போட்டோ. நடுவில் நின்றவனை வெட்டிவிட்டு, இரண்டு பக்கத்து முகத்தையும் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தது. ஆள் சேர்த்துக் குழப்பம் பண்ணுவதுகள், யாரும் எடுக்கவேண்டாம் என்று எழுதியிருந்தது. கீழே ஒவ்வொரு கடைக்காரரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

"எனக்கு வெக்கமா இரிக்கி தங்கச்சி" என்றாள் ஸஹ்லா. "வாப்பாக்கிட்ட நான் சண்ட புடிச்சேன். சங்கத்துக்கு எதிரா ஒண்ணும் செய்ய ஏலாதுன்றாரு. நாளைக்கு எங்களுக்கு ஒரு பிரச்சினன்னா அவங்கதானே வரணும்."

தனுஷிகாவுக்கு அவளிடம் கோபப்பட வரவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். கிருஷாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. பாத்ரூம் போகலாமா என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

"அல்லாஹ், இதக் கேக்கணுமா? வாங்க, வாங்க" என்று ஸஹ்லா பதறிப்போய் அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் கடையையும் வீட்டையும் பிரிக்கிற கதவைத் திறந்தாள். உள்ளே வெளிச்சமும் வெள்ளை ஓடு பதித்த சுவரும் தெரிந்தன.

கடையில் வேலை செய்கிற மூன்று பிள்ளைகள் ஏணிக்குப் பக்கத்தில் நின்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகள். ஒருத்தி கையில் குழந்தைச் சப்பாத்து ஒரு கால் மட்டும் இருந்தது. மூன்று பேரும் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்களும் அங்கதானே போறது?" என்று தனுஷிகா கேட்டாள்.

சப்பாத்து வைத்திருந்தவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள், இல்லையென்று.

கிருஷாந்தி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸஹ்லா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள், நாதாங்கியை இழுத்துப் பூட்டைப் போட்டு அழுத்தினாள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், கூச்சப்படவேண்டாம் என்று இருவரிடமும் சொன்னாள்.

மூன்று பிள்ளைகளும் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் யாரோ குடையை மடக்கிக்கொண்டு சப்பாத்துக் கேட்டு ஏறினார்கள். மூவரில் ஒருத்தி காலை ஒன்றோடொன்று இறுக்கி ஒரு கணம் நின்று, பெட்டி எடுக்க ஏணியில் மெதுவாக ஏறத் தொடங்கினாள்.